வெளிச்சப் பாட்டிலும் இருட்டுப் பாட்டிலும்

இன்னும் மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று பத்து மணிக்குப் பாட்டில்களைக் கடலுக்குள் இறக்கியபோதே நினைத்தேன், இருபது நிமிடத்தில் நான்கு தடவை பார்த்தாகிவிட்டது. படகுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில், மிதவையில் கட்டிய நைலான் கயிற்றில், இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் தொங்குகின்றன. ஒன்று வெறும் கண்ணாடி. இன்னொன்றுக்குக் கறுப்பு டேப் சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தாளும் சுற்றி, வெளிச்சம் பொட்டுகூடப் புகாதபடி நேற்று நானே உட்கார்ந்து ஒட்டினேன். இரண்டிலும் ஒரே கடல்தண்ணீர், கண்ணுக்குத் தெரியாத அதே மிதவைப் பாசி. வெளிச்சப் பாட்டிலில் இருப்பது வெயிலைப் பிடித்துச் சமைத்து ஆக்சிஜனை வெளியே விடும், கூடவே மூச்சும் வாங்கும். இருட்டுப் பாட்டிலில் இருப்பதற்கு மூச்சு வாங்குவது மட்டும்தான் வேலை. நான்கு மணி நேரம் கழித்து இரண்டையும் தூக்கி, மருந்து விட்டு, வித்தியாசத்தைப் பார்த்தால் இந்தக் கடல் இன்றைக்கு எவ்வளவு சமைத்தது என்று தெரிந்துவிடும். முதன்மை உற்பத்தி என்று அறிக்கையில் எழுதுவோம். அதுவரை படகை நகர்த்தக் கூடாது, பாட்டில் மேல் நிழல் விழக் கூடாது, ஆள் இல்லாமல் விட்டுப் போகவும் கூடாது. இந்தச் செய்முறையை எழுதிய மகானுபாவன் நிச்சயம் ஆண்பிள்ளையாகத்தான் இருப்பான். பதினாலு வருஷமாக மாதத்தில் இந்த ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மேல் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவது? படகில் மறைப்புக்கு ஒரு சாக்குத் திரையாவது கட்டித் தாருங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஆராய்ச்சி நிலையத்துத் தலைவர் டாக்டர் கேசவமூர்த்தி சார் அதைப் படித்துவிட்டு, 'கடல் இவ்வளவு பெரிசா இருக்கேம்மா' என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது, அவருடையதை அல்ல, என்னுடையதை.

பின்பக்கம் இன்ஜின் அருகே சந்தியாகு அண்ணன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தூண்டில் போட்டிருக்கிறார். நிலையம் வாடகைக்கு எடுக்கிற படகு அவருடையது. என்னை டீச்சர் என்பார், எப்போதோ ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடல் சமைக்கிறது என்று பாடம் எடுத்ததற்காக. காலையில் இன்ஜினைக் கிளப்பும்போது, இன்றைக்குக் காற்று குறைவு என்பதைச் சொல்கிற அதே குரலில், 'சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊர்க் கமிட்டி கூடுது டீச்சர். இனிமே நான் இந்தக் கரையில மீன் வளக்கக் கூண்டு போடக் கூடாதுன்னு எழுதப் போறாக' என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் என்ன? ஒங்க ஆபீசு எழுதின எழுத்தாலதானே என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், ஏதாவது வெளியே வந்திருக்கும். அதை விட்டுவிட்டு 'பாத்து ஏறுங்க, பலகை வழுக்கும்' என்று கையை நீட்டுகிறார். இந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏழு மாதமாக இந்த மனிதர் என்னைக் கைபிடித்து ஏற்றி இறக்குகிறார். ஏழு மாதமாக நான் வாயை மூடிக்கொண்டு ஏறி இறங்குகிறேன்.

பதினொன்று ஐந்து. இங்கிருந்து பார்த்தால் அவர் கூண்டு போட்டிருந்த இடம் தெரியும். இப்போது நான்கு நீல டிரம்கள் மட்டும் மிதக்கின்றன. போன செப்டம்பரில் அங்கே ஒன்பது கூண்டு, கூண்டு நிறையக் கடல்விரால், ஒவ்வொன்றும் என் கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. இதே மாதாந்திர வேலைக்குத்தான் அன்றைக்கும் வந்தோம். காலையில் பார்த்தால் மொத்தமும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. கூண்டு மீன் மட்டும் இல்லை, கரையெல்லாம் நண்டும் பாறை மீனுமாக ஒதுங்கிக் கிடந்தன. தண்ணீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருந்தது. பூங்கோரை என்கிற பாசி வந்தால் கடல் பச்சையாகும், அது ஊரில் எல்லாருக்கும் தெரியும், இது அது இல்லை. செத்த மீனைத் தூக்கிச் செவுளைத் திறந்து காட்டினார் அண்ணன், உள்ளே வழவழவென்று சளி. 'என்னான்னு பாத்துச் சொல்லுங்க டீச்சர்' என்றார். அழவில்லை. ஒன்பது கூண்டையும் விட்டுவிட்டு என்னைப் படகில் ஏற்றி இதே இடத்துக்கு வந்து நான்கு மணி நேரம் காத்திருந்தார், நான் பார்த்துச் சொல்வேன் என்று. நானும் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து அந்தத் தண்ணீரை ஆயிரம் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் விட்டு, நுண்ணோக்கியில் ஆயிரம் கட்டத்தையும் எண்ணினேன். சாதாரண டயாட்டம்கள் கொஞ்சம் இருந்தன, ஊசி மாதிரி, டப்பி மாதிரி, கண்ணாடி ஓடு போட்டவை. மீனைக் கொல்லுகிற சாதி ஒன்றுகூட இல்லை. தீங்கு செய்யும் பாசி என்ற இடத்தில் பூஜ்யம் என்று என் கையால் எழுதினேன். பாசி இல்லை என்றால் வேறென்ன? தீவனம் மிஞ்சி அழுகி அம்மோனியா கூடியிருக்கும், வளர்த்தவரின் கவனக்குறைவு என்று சார் எழுதினார். அந்தத் தாள் ஊர்க் கமிட்டிக்குப் போயிற்று. சந்தியாகு தீவனத்தைக் கொட்டிக் கடலைக் கெடுத்தான், எங்கள் நண்டையும் கொன்றான் என்று ஊர் முடிவு கட்டியது. விஞ்ஞானம் சொல்லிவிட்டதே! என் நுண்ணோக்கி சொல்லிவிட்டதே!

வயிற்றுக்குக் கீழே கனக்கிறது. காலை மாற்றிப் போட்டு உட்காருகிறேன். பெட்ரோல் நெடி, வெயிலில் காய்ந்த தூண்டில் இரையின் நெடி. போன் அடிக்கிறது. கரையிலிருந்து மூன்று கிலோமீட்டரில் போன் எடுக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், சாருக்கு மட்டும் எப்படியோ எடுக்கும். 'அரசி, பாட்டில் இறக்கியாச்சா? வெரி குட். நாளைக்கு டெல்லியில இருந்து ஆள் வர்றாங்க. அந்த வருஷாந்திர வரைபடம் போட்டிருக்கியே, அதுல போன செப்டம்பர் புள்ளி மட்டும் தனியா ஆணி மாதிரி மேல நிக்குது பாரு, அதை எடுத்துரும்மா. அசிங்கமா இருக்கு.' சரி சார் என்கிறேன். சரி சார்! பதினாலு வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்? போனை வைத்த பிறகு பல்லைக் கடித்த கடியில் தாடை வலிக்கிறது. அசிங்கமாம். அந்தப் புள்ளிதான் ஐயா உண்மை, மற்றதெல்லாம்தான் அசிங்கம். செப்டம்பர் அன்றைய வெளிச்சப் பாட்டில் அது. மற்ற மாதங்களைவிட ஒன்பது மடங்கு ஆக்சிஜன். யாரோ அந்தப் பாட்டிலுக்குள் இருந்துகொண்டு வெயிலைப் பிடித்து வெறியோடு சமைத்திருக்கிறார்கள். அதே நாள் தண்ணீரை வடிகட்டிய தாளில் பச்சையத்தின் அளவும் அப்படியே ஏறிக் கிடந்தது, தாளே பழுப்பாக இருந்தது. சமையல் நடந்திருக்கிறது, சமைத்த ஆள் மட்டும் என் எண்ணிக்கையில் இல்லை. மூன்று வாரம் கழித்து வரைபடம் போட உட்கார்ந்தபோதுதான் இது கண்ணில் பட்டது. பட்ட அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபார்மலின்.

உடம்பில் ஓடே இல்லாத பாசி ஒன்று உண்டு, சட்டொனெல்லா என்று பெயர். வெறும் தோல்தான். மீனின் செவுளில் போய் அப்பிக்கொண்டு மூச்சை அடைக்கும். எண்ணும்வரை கெடாமல் இருக்க நாங்கள் தண்ணீரில் விடுகிற ஃபார்மலின் அதன் மேல் பட்டால் சுருங்குவதுகூட இல்லை, வெடித்துக் கரைந்து போய்விடும். கொலைகாரன் தடயம் இல்லாமல் போய்விடுவான், ஓடு போட்ட அப்பாவிகள் மட்டும் தட்டில் மிஞ்சுவார்கள். அதனால் இந்த மாதிரித் தண்ணீரை உயிரோடு உடனே பார்க்க வேண்டும், முடியாவிட்டால் அயோடின் கரைசல் விட்டு வைக்க வேண்டும். முதல் வருஷம் எம்.எஸ்ஸி படிக்கிறவளுக்கும் தெரியும். சாரிடம் போய்ச் சொன்னேன். சொன்னேன், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 'அது உன் ஆக்சிஜன் டைட்ரேஷன் தப்பா இருக்கும்மா, வடிதாள்ல அழுக்கு பட்டிருக்கும், அறிக்கை போயாச்சு' என்றார். நான் சரி சார் என்றேன். ஜூன் மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், வருஷா வருஷம் ஜூன் மாதம் புதுப்பிக்க வேண்டும், பதினாலு ஜூன். அயோடின் வாங்கித் தராதவர்கள் அவர்கள். இரண்டு மாதமாகக் கேட்டும் கொள்முதல் பிரிவில் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், இருந்தது ஃபார்மலின் மட்டும்தான், இல்லாததற்கு நான் என்ன செய்வேன்? இப்படித்தான் ஏழு மாதமாக எனக்குள் பேசிக்கொண்டிருக்கிறேன். குளிக்கும்போது பேசுகிறேன், அரிசி களையும்போது பேசுகிறேன், ஒவ்வொரு தடவையும் கொள்முதல் பிரிவில் கொண்டுபோய் நிறுத்துகிறேன், ஒவ்வொரு தடவையும் அங்கே நிற்காமல் வழுக்குகிறது.

பன்னிரண்டு இருபது. அயோடினில் பெரிய பாட்டில்தான் தீர்ந்திருந்தது. சின்னது ஒன்று இருந்தது. இருந்தது, எங்கே என்றால் என் பையில். அடியில், சாப்பாட்டு டப்பாவுக்கும் துண்டுக்கும் கீழே, பழைய இருமல் மருந்துப் புட்டியில் நானே கரைத்து ஊற்றியது. மீன் செத்த அன்றைக்கு மூன்றரை மணிக்கு நிலையத்துப் படகுத்துறையில் இறங்கினேன். ஃபார்மலின் கேன் துறையிலேயே அலமாரியில் கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தது. பையைக் கீழே வைத்து, டப்பாவை எடுத்து, துண்டை எடுத்து, புட்டியை எடுக்க வேண்டும். இரண்டு நிமிடம். நாலு பத்துக்கு ராமநாதபுரம் பஸ். அதை விட்டால் ஆறு மணிக்குத்தான். சார் அவசரப்படுத்தினார் என்று சொல்லலாம், சார் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம், அவள் அன்றைக்கு நன்றாக இருந்தாள். எனக்கு அன்று ஒரு அவசரமும் இல்லை. வெயிலில் கிடந்து அலுத்துப் போய், நாலு பத்து பஸ்ஸில் சன்னலோரம் இடம் பிடிக்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். அயோடின்தான் விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கேனைச் சாய்க்கும்போதும் தெரியும். பரவாயில்லை, எல்லா மாதமும் இதைத்தானே விடுகிறோம் என்று சாய்த்தேன். அறிவில்லாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம். அறிந்து, சோம்பலில் செய்தேன். அந்த நிமிடத்தை நினைத்தால் என் கையை நானே பிடித்து முறிக்கலாம் போல இருக்கிறது. சன்னலோரம் இடம் கிடைத்தது. ராமநாதபுரம் வரை நன்றாகத் தூங்கினேன்.

'டீச்சர், நுங்கு.' அண்ணன் ஒரு தூக்குவாளியைப் பலகை மேல் தள்ளுகிறார். தண்ணீரில் போட்டுக் கொண்டு வந்திருக்கிறார், ஏழெட்டுக் கண், குளிர்ச்சியாக வழுவழுவென்று. என் நாக்கு அதைப் பார்த்தே ஊறுகிறது. நுங்கு என்றால் முக்கால் வாசி தண்ணீர்தான். இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. வேண்டாம்ணே என்கிறேன். அவர் முகம் சுருங்குகிறது. 'எங்க வீட்டுச் சாமான் இப்ப யாருக்கும் வேண்டாந்தான்' என்று சொல்லி வாளியை இழுத்துக்கொள்கிறார். ஐயோ, அதில்லை! அதில்லை என்று எப்படிச் சொல்ல? எனக்கு மூத்திரம் வரும் என்று இந்த ஆம்பளையிடம் எப்படிச் சொல்ல? இதுகூடச் சொல்ல வாய் வராதவள்தான் பெரிய உண்மையையெல்லாம் சொல்லப் போகிறாளாக்கும். ஒரு கண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறேன். வருவது வரட்டும். அவர் என்னைப் பார்க்காமல் தூண்டில் நூலைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்.

'ஒண்ணு கேக்கட்டா டீச்சர்? அந்த அம்மோனியாங்கிறது, தீவனம் எத்தன கிலோ கூடப் போனா வரும்?'

'எதுக்குண்ணே கேக்குறீங்க?'

'இல்ல, மீனு சாகுறதுக்கு மொத நாளு எம் மச்சானுக்குக் காச்சலு. தீவனம் போட அவன் வரல. ரோசாரியத்தான் அனுப்புனேன். எம் மகளத்தான். சின்னப் புள்ள, வாளி வாளியாக் கொட்டிட்டு வந்துட்டாளோ என்னமோ. கேட்டா அளந்துதாம்பா போட்டேங்குறா. ஆனா எழுத்து அப்படிச் சொல்லுதுல்ல. ஒங்க மிசினு பொய் சொல்லாதுல்ல.' நூலைச் சுண்டிப் பார்க்கிறார். 'அன்னையிலருந்து அவகிட்ட நான் மொகம் குடுத்துப் பேசல டீச்சர். ஏழு மாசமாச்சு. சோறு போட்டு வச்சிட்டுப் போவா, நான் தின்பேன். ஏன் பேசலன்னு கேட்டா, சொன்னதில்ல. சொன்னா ஒடஞ்சு போவாள்ல.'

ரோசாரி. மீன் செத்த அன்று கரையில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செத்த நண்டைக் கூடையில் அள்ளிய பெண், பன்னிரண்டாவது படிக்கிறாள், என் மகள் வயது. நான் பாடம் எடுத்த வகுப்பில் முன்வரிசையில் இருந்தவள். கடல் சமைத்தால் உப்பு கூடாதா டீச்சர் என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவள். நான் பஸ்ஸில் சன்னலோரம் தூங்கியதற்கு அந்தப் பெண் ஏழு மாதமாக ஊமை அப்பனுக்குச் சோறு போடுகிறாள். கோபம் உச்சந்தலைக்கு ஏறுகிறது, யார் மேல் என்று இல்லை, சார் மேல், கொள்முதல் பிரிவு மேல், எதிர்த்துக் கேட்காமல் தாளை நம்பிவிட்ட இந்த முட்டாள் மனிதர் மேல். அவர் மேல்தான் கத்துகிறேன்.

'அவ போடல! ஒரு கிலோவும் கூடப் போடல! அளந்துதான் போட்டேன்னு பிள்ள சொல்லுதுல்ல, பெத்த பிள்ளைய நம்பாம ஒரு தாளை நம்புவீங்களா? அந்தத் தாளு தப்புண்ணே. தப்பா எழுதினது நான். மீனைக் கொன்னது கடல்ல வந்த ஒரு பாசி. அதைக் கரைச்சு விட்டது நான். நல்ல மருந்து என் பையிலயே இருந்துச்சு. எடுக்கச் சோம்பேறித்தனம். நாலு பத்து பஸ்ஸைப் பிடிக்கணும்னு கெட்ட மருந்தை ஊத்திட்டு ஓடினேன். மூணு வாரத்துல எனக்கே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் சொல்லல. இவ்வளவு நாளா சொல்லல.'

காற்று இல்லை. படகு லேசாக ஆடுகிறது. அவர் என்னைப் பார்க்கிறார். என் முகத்தில் என்னத்தைத் தேடுகிறார் என்று தெரியவில்லை. அப்புறம் தூண்டில் நூலைச் சுற்றி வைக்கிறார், அவசரமில்லாமல், முள்ளை ரப்பரில் குத்தி வைக்கிறார். எழுந்து வந்து என்னைத் தாண்டிக் குனிந்து மிதவைக் கயிற்றைப் பிடிக்கிறார். 'வாங்க, கரைக்குப் போவோம்' என்று இரண்டு முழம் கயிற்றை இழுத்துவிட்டார். என் வாயிலிருந்து, என் வாய்தான், வேறு யாருடையதும் இல்லை, 'இழுக்காதீங்க! இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு!' என்று வருகிறது.

அவர் கை அப்படியே நிற்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. இழுங்கண்ணே என்று சொல்ல வேண்டும், பாட்டில் போனால் போகிறது என்று சொல்ல வேண்டும், கண் கடிகாரத்துக்குத்தான் போகிறது. அவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விடுகிறார், பாட்டில் பழைய ஆழத்துக்கு இறங்குகிற வரை.

'ஏழு மாசம் போச்சு, நாப்பது நிமிஷம் போகட்டும்' என்கிறார். 'இந்தவாட்டியாவது சரியாச் செய்ங்க.'

நாற்பது நிமிடம் அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்க வைத்திருந்ததெல்லாம் சொல்லித் தீர்ந்திருந்தது. இரண்டு மணிக்குக் கயிற்றை நானே இழுத்தேன். இரண்டு பாட்டிலுக்கும் மருந்து விட்டு, குமிழ் இல்லாமல் மூடினேன். இன்னொரு புட்டியில் கடல்தண்ணீர் எடுத்து அயோடின் விட்டு, தேதி எழுதினேன். இன்ஜின் கிளம்பியது. நிலையத்துப் படகுத்துறை வலப்பக்கம் தெரிய, படகு இடப்பக்கம் திரும்பியது. அண்ணே, ஊருக்கே போங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏற்கெனவே ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்.

கரைக்கு இருபது அடி முன்னால் இன்ஜினை நிறுத்திக் குதித்து, படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டார். அலை அடித்துத் தள்ளுகிற இடம் அது. நான் பலகை மேல் நின்றேன். அவர் கை நீட்டவில்லை. 'கமிட்டிக்கு அப்பறமாச் சொல்லலாம். மொதல்ல அவகிட்டச் சொல்லுங்க' என்று கரையைக் காட்டினார். நண்டு வலையை மடியில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, ரோசாரி சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் குதித்தேன், இடுப்பு வரை தண்ணீர், சுடிதார் உடம்போடு ஒட்டிக்கொண்டது. நடந்து போய் அவள் முன்னால் நின்றேன். 'வாங்க டீச்சர்' என்று எழுந்தாள். பஸ்ஸிலிருந்துதான் ஆரம்பித்தேன். பையில் இருந்த மருந்து, கரைந்துபோன பாசி, பூஜ்யம், அம்மோனியா, அவள் அளந்து போட்ட தீவனம், எதையும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்து, அவள் என்னைக் கேட்கப்போகிற கேள்விக்காக நின்றேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. என் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்த்துக் கேட்டாள்.

'இதுக்காகவாப்பா எங்கிட்டப் பேசல?'

சந்தியாகு அண்ணன் படகைப் பிடித்தபடி தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.